மலைக்குளிரில் சவர்டோ பீட்சா: இட்லி மாவு தெரிந்தவர்களுக்கு ஓர் அறிமுகம்

கோடைக்கானலுக்குக் குடிவந்த முதல் வாரம் இட்லி மாவு பொங்கவே இல்லை. மதுரையில் ராத்திரி 10 மணிக்குக் கரைத்து வைத்தால் காலையில் பாத்திரம் வழிந்து மேடையெல்லாம் மாவாக இருக்கும். இங்கே மறுநாள் மத்தியானம் வரை வைத்தது வைத்தபடியே கிடந்தது. உளுந்து சரியில்லை, அரிசி சரியில்லை, கிரைண்டர் சூடாகிறது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுவிட்டுக் கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். "எத்தனை மணிக்கு எடுக்கணும்னா கேக்குறே? மணி என்ன மணி தம்பி, மூடியைத் திறந்து பாரு. பொங்கியிருந்தா எடு, இல்லைன்னா விடு. ஆமா, பழைய மாவு ஒரு கரண்டி போட்டியா?" என்றார். நான் போடவில்லை.

இரண்டு வருடம் கழித்து சவர்டோ பீட்சா போட ஆரம்பித்தபோது வீடியோவாகப் பார்த்துக் குழம்பிக் கிடந்தேன். அக்கா சொன்ன அந்த இரண்டு விஷயம்தான் மொத்தப் பாடமும் என்று ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது: பழைய மாவில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் போடு, கடிகாரத்தைப் பார்க்காதே மாவைப் பார்.

சவர்டோ என்றால் புளித்த மாவு, அவ்வளவுதான். கடையில் விற்கும் ஈஸ்ட் பொடி போடாமல் கோதுமை மாவிலும் சுற்றுப்புறத்திலும் ஏற்கெனவே இருக்கிற ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் வளர்த்து, அவற்றைக் கொண்டே மாவைப் பொங்க வைப்பது. அப்படி வளர்த்து வைத்திருக்கும் மாவுக்குத்தான் ஸ்டார்ட்டர் என்று பெயர். பாலுக்கு உறைமோர் எப்படியோ, ரொட்டி மாவுக்கு ஸ்டார்ட்டர் அப்படி. கடை ஈஸ்ட் வந்தே 150 வருடம் போலத்தான் ஆகிறது, அதற்கு முன்னால் உலகத்தில் பொங்கும் ரொட்டி சுட்டவர்கள் பெரும்பாலும் இப்படிப் புளித்த பழைய மாவையோ, பீர் காய்ச்சும்போது மிஞ்சுகிற நுரையையோதான் நம்பியிருந்தார்கள். நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. நீலகிரியில் ஊட்டி வர்க்கி என்ற மொறுமொறு பண்டம் போடுகிறவர்கள் பரம்பரையாக வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா சேர்த்துப் புளிக்கவைத்த ஒரு மாவைத்தான் ஈஸ்ட்டுக்குப் பதிலாகச் சேர்ப்பார்கள். ஆக, மலைக்கு இது ஒன்றும் புதுசு இல்லை.

இட்லி மாவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும் வேலை பாக்டீரியாவுடையது. லூக்கோநாஸ்டாக் என்று ஒரு வகை, புளிப்பையும் அதுவே கொடுத்து, வாயுவையும் அதுவே விடும். அந்த வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. சவர்டோவில் வேலை பிரிந்துவிடுகிறது. வாயு விட்டு மாவைத் தூக்குவது பெரும்பாலும் ஈஸ்ட். புளிப்பு பாக்டீரியாவின் வேலை: தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமும், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமும் அவை போடுபவை. வாயுவைப் பிடித்து வைப்பது கோதுமையின் குளூட்டன், அதாவது பரோட்டா மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிறதே, அந்தச் சவ்வு. அரிசி மாவில் அது கிடையாது, அதனால்தான் கையில் இருக்கும் இட்லி மாவை வைத்து பீட்சா போட முடியாது. (ஊத்தப்பத்தின் மேல் சீஸ் போட்டு பீட்சா என்று சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம், நானும் சாப்பிடுவேன், ஆனால் அது வேறு பண்டம்.)

ஸ்டார்ட்டர் பிடிப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கைவிடுகிறார்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் 50 கிராம் முழுக்கோதுமை மாவு, 50 கிராம் வெதுவெதுப்பான தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்க வைத்து ஆறவைத்தது. முதலில் மைதா வேண்டாம், தவிட்டோடு இருக்கும் மாவில்தான் நுண்ணுயிர்கள் அதிகம். கலந்து, மூடியை இறுக்காமல் மேலோட்டமாக வைத்துவிட வேண்டும். மறுநாளிலிருந்து தினமும் அதில் 50 கிராம் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டு, 50 மாவு, 50 தண்ணீர் புதிதாகப் போட வேண்டும். நான்கைந்து நாள் போனதும் பாதிக்குப் பாதி மைதா கலந்துகொள்ளலாம்.

இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு, நான் இரண்டு தடவை ஏமாந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மாவு திடீரென்று நுரைத்துப் பொங்கும். அட, ஆகிவிட்டதே என்று குதித்தால், மறுநாளே செத்த மாதிரி அடங்கிவிடும், கூடவே அழுகின முட்டைக்கோஸ் வாடை வேறு. நான் கெட்டுப்போய்விட்டது என்று சாக்கடையில் கொட்டினேன், மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி அதே மாதிரி, மறுபடி கொட்டினேன். உண்மையில் கெட்டுப்போகவில்லை. அந்த முதல் பொங்கல் நமக்கு வேண்டிய ஈஸ்ட்டால் வருவதே இல்லை. மாவில் இருக்கும் கண்ட கண்ட பாக்டீரியாவின் கூத்து அது. புளிப்பு ஏற ஏற அவை தாக்குப்பிடிக்க முடியாமல் ஒழிந்து, புளிப்பைத் தாங்கும் நல்ல பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் மெல்லத் தலைதூக்கும். நடுவில் வரும் அந்த வெறும் நாட்களில் பேசாமல் மாவு போட்டுக்கொண்டே இருந்தால் போதும். சமவெளியில் ஒரு வாரத்தில் ஆகும், எங்கள் வீட்டில் 14 நாள் ஆனது. மாவு போட்டதும் பாட்டிலின் வெளியே மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டி வையுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அந்தக் கோட்டுக்கு இரண்டு மடங்கு ஏறி, வாடையும் புளித்த ஆப்பிள் மாதிரி, தயிர் மாதிரி நன்றாக வந்தால் ஸ்டார்ட்டர் தயார். மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றால் அது பசியில் இருக்கிறது என்று அர்த்தம், வடித்துவிட்டு மாவு போடுங்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் கோடு விழுந்தாலோ பூசணம் பூத்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தினமும் எடுத்துவிடும் மாவைத் தூக்கிப் போட மனசு வராதுதான். முதல் ஒரு வாரத்து மாவைப் போட்டுவிடுங்கள், அதில் என்ன வளர்கிறது என்று நமக்குத் தெரியாது. நல்ல வாடை வந்த பிறகு மிஞ்சுவதை ஃப்ரிட்ஜில் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் போட்டுக் கோதுமை தோசையாக ஊற்றுங்கள். பீட்சாவைவிட இந்தத் தோசைக்குத்தான் எங்கள் வீட்டில் ரசிகர்கள் அதிகம்.

இப்போது குளிர் விஷயம். கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், டிசம்பர், ஜனவரியில் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். வீட்டுக்குள் அடுப்படியில் பகலில் 16, 17 டிகிரி இருந்தால் நல்ல நாள். வீடியோவில் '5 மணி நேரம் புளிக்க விடவும்' என்று சொல்கிறவர் 26, 27 டிகிரி வீட்டில் உட்கார்ந்து சொல்கிறார். தோராயமாக 10 டிகிரி குறைந்தால் ஈஸ்ட்டின் வேகம் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 5 மணி நேரம் நமக்கு 10, 12 மணி நேரம். இது தெரியாமல் 5 மணி நேரத்தில் மாவை எடுத்துத் தட்டினால் சப்பாத்தி மேல் சீஸ் போட்ட கதையாகிவிடும். என் முதல் நான்கு பீட்சாவும் அந்த ரகம்தான்.

இதைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, சூடு கொடுப்பது. மீன் கடையில் ஐஸ் போட்டு வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று கிடைத்தால் அதற்குள் வெந்நீர் நிரப்பிய பாட்டிலோடு ஸ்டார்ட்டரை வைத்து மூடலாம், அணைத்து வைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு வைக்கலாம், சிலர் வைஃபை பெட்டி மேலேயே வைக்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், ஒரு பக்கம் வெந்துவிடும். ஸ்டார்ட்டருக்கு மட்டும் நான் இந்த வழி, ஏனென்றால் அது சோம்பலாக இருந்தால் பின்னால் எதுவும் நடக்காது.

பீட்சா மாவுக்கு இரண்டாவது வழி: குளிரை அப்படியே விட்டுவிடுவது. பெரிய ஊர்களில் நல்ல பீட்சா கடைக்காரர்கள் காசு கொடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து மாவை ஒரு நாள், இரண்டு நாள் என்று மெதுவாகப் புளிக்க வைக்கிறார்கள். ஏன் என்றால், குளிரில் ஈஸ்ட் ஊர்ந்துகொண்டிருக்கும்போதும் மாவிலிருக்கும் நொதிகள் மாவுச்சத்தை மெல்ல மெல்லச் சர்க்கரையாக உடைத்துக்கொண்டே இருக்கும், குளூட்டனும் தளர்ந்து இழுவை வரும். அந்தச் சர்க்கரைதான் ஓரம் பொன்னிறமாகச் சிவக்கக் காரணம், ருசியும் அந்தத் தாமதத்தில்தான் ஏறுகிறது. நமக்கு அடுப்படி மூலையே அந்த வேலையை ஓசியில் செய்து கொடுக்கிறது. மலைக்காரர்கள் சவர்டோவுக்குக் குளிர் எதிரி என்று புலம்புவது எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பாக வருகிறது. அவசரப்படாதவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

மாவு எது என்று கேட்பார்கள். சாதாரண மைதா போதும். நம்மூர் மைதாவில் புரதம் பெரும்பாலும் 10, 11 சதவீதம் இருக்கும், பாக்கெட் பின்னால் பார்த்து அதிகம் இருப்பதை எடுங்கள். ஆட்டாவில் புரதம் அதிகம்தான், ஆனால் கல்லில் அரைபட்டதில் மாவுச்சத்து நொறுங்கித் தண்ணீரை ஏகமாகக் குடிக்கும், தவிடு குளூட்டனை அறுக்கும், முழுக்க ஆட்டாவில் போட்டால் கனத்துப் போகும். ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் வாசனை நன்றாக இருக்கும். 'டபுள் ஜீரோ' என்று இத்தாலி மாவு விலைக்கு விற்கிறார்கள். அந்த ஜீரோ மாவிலிருந்து தவிடு எவ்வளவு நீக்கப்பட்டது என்பதைச் சொல்கிறதே தவிர அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்தக் காசுக்கு 1 கிராம் வரை காட்டும் எடை மெஷின் வாங்குங்கள். கப் கணக்கில் இந்த வேலை சரிவராது.

இரண்டு பீட்சாவுக்கு என் கணக்கு: மாவு 300 கிராம், தண்ணீர் 186, ஸ்டார்ட்டர் 60, உப்பு 7. பேக்கரிக்காரர்கள் எப்போதும் மாவை 100 என்று வைத்து மற்றதைச் சதவீதமாகச் சொல்வார்கள், இதில் தண்ணீர் 62, ஸ்டார்ட்டர் 20, உப்பு இரண்டேகால் சொச்சம். இந்தச் சதவீதம் பிடிபட்டுவிட்டால் நான்கு பேருக்கோ நாற்பது பேருக்கோ நீங்களே போட்டுக்கொள்ளலாம். ராத்திரி ஸ்டார்ட்டருக்கு மாவு போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் இரண்டு மடங்கு ஏறி, உச்சியில் குமிழ் குமிழாக இருக்கும்போது அதைத் தண்ணீரில் கரைத்து மாவைக் கொட்டிப் பிசிறாகக் கலந்து, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, உப்பைப் போட்டுப் பிசையுங்கள். உப்பு புளிப்பதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், இங்கே சில வீடுகளில் இட்லி மாவுக்கு உப்பைப் பொங்கின பிறகு போடுவதும் அதனால்தான். போட்டு அடிக்க வேண்டாம். அரை மணிக்கு ஒரு தடவை ஈரக்கையால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்து மேலே மடித்து, கிண்ணத்தைத் திருப்பி அடுத்த ஓரம், இப்படி மூன்று நான்கு சுற்று. முதல் சுற்றில் கிழிகிற மாவு நான்காம் சுற்றில் துணி மாதிரி விரியும், அந்த மாற்றத்தைக் கையால் பார்ப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

அப்புறம் அதை மறந்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மாவு ஒன்றரை மடங்காகி, பக்கவாட்டில் குமிழ் தெரிந்து, கிண்ணத்தை ஆட்டினால் அல்வா மாதிரி அசைய வேண்டும், அதுதான் பதம். எங்கள் வீட்டில் மே மாதம் சாயங்காலம் 4 மணிக்கே ஆகிவிடும், ஜனவரியில் ராத்திரி 9 ஆகும். அதை இரண்டாக வெட்டி, வழுவழுவென்று உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். குளிர் காலத்தில் வெளியிலேயே விடியும் வரை விடலாம், மற்ற நாளில் ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் சமைப்பதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே எடுத்துவிட வேண்டும். நம் அடுப்படியில் அது குளிர் விடவே அவ்வளவு நேரம் எடுக்கும், விறைத்த மாவை இழுத்தால் ஓட்டை விழும்.

உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே பெருமாள்மலை வருவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடுகிறதே, கவனித்திருப்பீர்கள். வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் வாயு விரிகிறது. மாவுக்குள் இருக்கும் குமிழுக்கும் அதே கதைதான், அதே அளவு வாயு இங்கே மாவைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும். தண்ணீரும் இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் மாவு ஓவனில் சீக்கிரம் காயும். அதனால்தான் தண்ணீரை 60 சதவீதத்துக்குக் கீழே நான் இறக்குவதில்லை.

சுடுவதில் ஒரு நிதர்சனத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் ஊர்க் கடைகளில் விறகு அடுப்பு 430 டிகிரிக்கு மேல் எரியும், 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெளியே வந்துவிடும். அந்த ஊர் பீட்சாக் கலையை யுனெஸ்கோ 2017இல் தன் பண்பாட்டுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. நம் வீட்டு ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன், முக்கி முனகி 250 டிகிரி. ஆகவே சூட்டைச் சேமித்து வைக்கும் கனமான ஏதாவது வேண்டும், அதற்குத்தான் பீட்சா கல் விற்கிறார்கள். கைப்பிடி இல்லாத பழைய இரும்பு தோசைக்கல்லைக் கவிழ்த்து மேல் தட்டில் வைத்து, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 45 நிமிடம் காயவிட்டால் அதுவே போதும். மாவு உருண்டையை நடுவிலிருந்து விரலால் அழுத்தி ஓரத்துக்கு வாயுவைத் தள்ளிக்கொண்டே விரியுங்கள். பூரிக்கட்டை மட்டும் ஆகாது, இரண்டு நாள் வளர்த்த குமிழை ஒரே உருட்டில் நசுக்கிவிடும். ரவை தூவிய பலகையில் வைத்து, சாஸ், சீஸ் போட்டு, உடனே கல்லில் தள்ளிவிட வேண்டும். 'உடனே' என்பதைக் கவனியுங்கள். நான் ஒரு தடவை எல்லாம் போட்டு முடித்துவிட்டு ஃபோனில் பத்து நிமிடம் பேசப் போய், மாவு பலகையோடு ஒட்டிக்கொண்டு, தள்ளும்போது பாதி மடிந்து சீஸ் எல்லாம் கம்பியில் கொட்டி, வீடு முழுக்கப் புகை. 7 முதல் 9 நிமிடத்தில் ஓரம் சிவந்து ஆங்காங்கே கருத்த பொட்டு விழும்.

மழைக் காலத்தில் மரம் விழுந்து கரண்டு போய்விட்டால் கேஸ் அடுப்பு இருக்கிறது. தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து மாவைப் போட்டு, மேலே குமிழ் வந்ததும் திருப்பி, வெந்த பக்கத்தில் சாஸும் சீஸும் போட்டு, தீயைக் குறைத்து ஆழமான மூடியால் மூடுங்கள். மேலே சிவக்காது, ஆனால் ருசி குறையாது.

மேலே போடுவது உங்கள் இஷ்டம், குறைவாகப் போடுங்கள் என்பது மட்டும் என் கட்சி. நாட்டுத் தக்காளி ஏற்கெனவே புளிப்பு, மாவும் புளிப்பு, அதனால் பாதி பெங்களூர் தக்காளி கலந்து, தோல் உரித்து, கையால் பிசைந்து, சாறை வடித்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டுப் பச்சையாகவே தடவுவேன். அதன் மேல் 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டு: தோலோடு எண்ணெயில் மெதுவாக வதக்கிப் பிதுக்கிப் போட்டால் வெண்ணெய் மாதிரி கரையும். அதன் காரம் சமவெளிப் பூண்டுக்கு வராது. ஞாயிறு சந்தையில் பட்டர் ஃப்ரூட் கிடைத்தால் பீட்சா வெந்து வெளியே வந்த பிறகு மேலே வையுங்கள், ஓவனுக்குள் போட்டால் கசந்துவிடும்.

வாரம் ஒரு தடவை மட்டும் பீட்சா என்றால் ஸ்டார்ட்டரை ஃப்ரிட்ஜில் வைத்து வாரம் ஒரு தடவை மாவு போட்டால் போதும். போன தீபாவளிக்கு மதுரையில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்லிவிட்டு வந்தேன்: சம பங்கு மாவு, ராத்திரி போட்டால் காலையில் தயார் என்று. மறுநாள் காலை 6 மணிக்கு ஃபோன். ராத்திரியோடு ராத்திரியாகப் பொங்கி வழிந்து அடங்கி, மேடையெல்லாம் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறதாம், எதை வைத்துச் சுரண்டுவது என்று கேட்டாள். இப்போது அவள் ஒரு பங்கு ஸ்டார்ட்டருக்கு ஐந்து பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர் போடுகிறாள், பாட்டிலுக்கு அடியில் ஒரு தட்டும் வைக்கிறாள்.